வயரை மாத்தாம டைனமோவை மாத்தாதீங்க

களக்காடு, சேரன்மகாதேவி பக்கம் வாழைத்தார் ஏத்திக்கிட்டு ராத்திரி ராத்திரியா கொல்லத்துக்கு ஓடுற பழைய டீசல் வண்டிக்காரங்க இதை முழுசா படிக்கணும். போன மாசம் என் வண்டி தீப்பிடிக்காம தப்பினது நூலிழைல.

1996 மாடல், 12 வோல்ட் வண்டி. கேபின்ல ஃபேன், ரெண்டு ஃபாக் லைட், ஒரு சின்ன இன்வெர்ட்டர்னு ஒவ்வொண்ணா சேத்திருந்தேன். ராத்திரில லைட்டு மங்குச்சு, காலைல செல்ஃப் எடுக்கல. 45 ஆம்ப்ஸ் டைனமோ பத்தலன்னு முடிவு பண்ணி 90 ஆம்ப்ஸ் வாங்கி மாட்டினேன். (இன்ஜின் ஓடும்போது கரன்ட் எடுத்து பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர்தான், நம்ம ஊர்ல இன்னமும் டைனமோதானே.) பிராக்கெட் பொருந்திச்சு, பழைய வயரையே புதுசுல முறுக்கியாச்சு. ரெண்டு மணி நேரத்துல வேலை முடிஞ்சு அன்னைக்கே லோடு ஏத்திட்டோம்.

ஆரியங்காவு தாண்டி, பதிமூணு கண் பாலம் பக்கத்துல ரப்பர் கருகுற வாடை. டேஷ்போர்டுல அம்மீட்டருக்கு (எவ்வளவு கரன்ட் ஓடுதுன்னு காட்டுற மீட்டர்) பின்னால இருந்து புகை. முதல்ல இன்ஜினை நிறுத்திட்டு அப்புறம்தான் பேட்டரி டெர்மினலைக் கழட்டினேன். இன்ஜின் ஓடும்போது கழட்டினா வோல்டேஜ் எகிறி டைனமோவோட டயோடு போயிரும். நல்லவேளை, பதட்டத்துலயும் அது ஞாபகம் இருந்துச்சு.

பேட்டைல நாப்பது வருஷமா ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பாக்குற ஒரு அண்ணாச்சி இருக்காங்க. வண்டியப் பாத்ததும் அவங்க சொன்னது: "கன்னடியன் கால்வாய்த் தண்ணிய வரப்பு ஓடைல திருப்பிவிட்ட மாதிரில்லா இருக்கு தம்பி. கரை உடையாம என்ன செய்யும்?"

இந்தக் கால வண்டிகள்ல டைனமோவோட பி பிளஸ்ல (கரன்ட் வெளிய வர்ற முனை) இருந்து பேட்டரிக்கு நேரா தடிச்ச வயர் போகும். என் வண்டி மாதிரி பழசுல அது கேபினுக்குள்ள ஏறி, அம்மீட்டர் வழியா சுத்திட்டு பேட்டரிக்கு வரும். முள் 30 வரைக்கும் காட்டுற அம்மீட்டர் அது. பேட்டரி அன்னைக்குப் பாதி காலி, வந்த கரன்டையெல்லாம் குடிச்சிருக்கு.

அண்ணாச்சி ஒரு அட்டைல கணக்குப் போட்டுக் காட்டினாங்க. 6 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், 3 மீட்டர் நீளம், 80 ஆம்ப்ஸ் ஓடினா 0.7 வோல்ட் வழியிலேயே போயிரும். சூடா மாறுறது 55 வாட். ஒரு ஹெட்லைட் பல்பை வயருக்குள்ள எரியவிட்ட மாதிரி. அதே தூரத்துக்கு 25 ஸ்கொயர் எம்எம் போட்டா நஷ்டம் 0.17 வோல்ட்தான்.

அதே அட்டையோட பின்பக்கம் இன்னொரு கணக்கு. ஹெட்லைட், ஃபாக் லைட், இன்வெர்ட்டர், ஃபேன் எல்லாம் சேத்தாலும் 400 வாட், அதாவது 30 ஆம்ப்ஸ். "ஓட்டத்துல இருக்கும்போது ஒங்க பழைய டைனமோவே தாங்கியிருக்கும்"னாங்க. மல்டிமீட்டரோட ஒரு முனையை டைனமோ பாடிலயும் இன்னொண்ணை பேட்டரி நெகட்டிவ்லயும் வச்சு, இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போட்டுப் பாத்தாங்க. 0.6 வோல்ட். 0.2க்கு மேல போகவே கூடாது. இன்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவுல இருந்த, கரன்ட் திரும்பிப் போற எர்த் பட்டை துருவேறி, ஒத்தை போல்ட்ல தொங்கிக்கிட்டிருந்துச்சு. ரெண்டு வருஷமா லைட்டு மங்குனதுக்கு அதுதான் காரணம்.

இப்ப நான் சொல்ல வர்றது இதுதான். டைனமோவுக்குக் கேட்ட காசை எண்ணிக் கொடுக்கிற நாம, அண்ணாச்சி மாதிரி ஆளுங்க "வயருக்கு ஒரு நாள் வேலை இருக்கு தம்பி"ன்னா முகத்தைச் சுளிக்கிறோம். வெரசா முடிச்சுக் கொடுக்கிறவன்தான் கெட்டிக்காரன்னு நினைக்கிறோம். இது பெரிய தப்பு. விக்கிற கடையிலயும் "சார்ஜிங் வயர் என்ன தடிமன்?"னு ஒரு கேள்வி கேக்கணும். என்கிட்ட யாரும் கேக்கல.

என் வண்டிக்கு ஒரு முழு நாள் ஆச்சு. பி பிளஸ்ல இருந்து பேட்டரிக்கு நேரா 25 ஸ்கொயர் எம்எம் கேபிள், பேட்டரி ஓரமா 125 ஆம்ப்ஸ் பியூஸ். அம்மீட்டரை எடுத்துட்டு வோல்ட்மீட்டர் வச்சாச்சு, கேபின் வயருக்குத் தனி பியூஸ். எர்த் இன்ஜின்ல இருந்தும் சேஸ்ல இருந்தும் அதே தடிமன்ல. வயர் முனைல மாட்டுற லக்கெல்லாம் அழுத்திக் கிரிம்ப் பண்ணினது, கையால முறுக்கினது ஒண்ணுகூட இல்ல. டேஷ்போர்டுல இருக்கிற சார்ஜ் லைட்டுக்குப் பல்புக்குப் பதிலா எல்இடி போடப் போனேன், அண்ணாச்சி தடுத்துட்டாங்க. அந்தப் பல்பு வழியா போற சின்ன கரன்ட்லதான் டைனமோவே முழிக்குமாம்.

90 ஆம்ப்ஸ்னு தகட்டுல போட்டிருக்கிறது, டைனமோ நிமிஷத்துக்கு 6000 சுத்து சுத்தும்போது. புளியரை செக்போஸ்ட்ல வரிசைல நிக்கும்போது இன்ஜின் 700ல இருந்தா டைனமோ 1750 சுத்தும், அந்த 90 ஆம்ப்ஸ்ல பாதி வந்தாலே பெரிசு. அதனால அங்க நிக்கும்போது இன்வெர்ட்டரை அணைச்சிருங்க. முழு லோடுல புது டைனமோ இன்ஜின்கிட்ட இருந்து ஏறக்குறைய 2 கிலோவாட் இழுக்கும், பழைய தேஞ்ச பெல்ட் வழுக்கும். பெல்ட்டையும் சேத்து மாத்திருங்க.

இன்னொண்ணு, இது உயிர் விஷயம். சில டீசல் வண்டிகள்ல பிரேக்குக்கான வேக்கம் பம்ப் டைனமோ முதுகுலயே இருக்கும். அதைக் கவனிக்காம வேற டைனமோ மாட்டினா, பிரேக்கை லேசா மிதிக்க உதவுற பூஸ்டர் வேலை செய்யாது, பிரேக் கல்லு மாதிரி ஆயிரும். லோடோட ஆரியங்காவு இறக்கத்துல அதை யாரும் கண்டுபிடிக்கக் கூடாது. கழட்டுறதுக்கு முன்னால டைனமோ பின்னால ஆயில் பைப்பும் வேக்கம் ஹோஸும் போகுதான்னு தடவிப் பாருங்க.