லாகரில் போட்ட அந்த ஒரு வரி

நேற்று முன்தினம் நம் குழுவில் ஓடிய ஸ்கிரீன்ஷாட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். யார் போட்டது, யார் எழுதிய கோட் என்று இங்கே சொல்லப்போவதில்லை. நடப்பதையெல்லாம் லாக்கில் பதிந்துவைக்கும் லாகர் சர்வீஸின் தலையில் ஸ்கோப்.ரிக்வெஸ்ட் என்று ஒரு வரி, அதாவது பயனரிடமிருந்து வரும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் அதைப் புதிதாக உருவாக்கு என்ற கட்டளை. கீழே, "டிஐ தெரியாமலே நெஸ்ட்ஜேஎஸ் எழுத வந்துவிடுகிறார்கள்" என்று ஒரு கருத்து. (நெஸ்ட்ஜேஎஸ் என்பது சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோடின் மேல் கட்டிய ஃப்ரேம்வொர்க். டிஐ என்பது ஒரு கிளாஸுக்கு வேண்டிய மற்ற கிளாஸ்களை ஃப்ரேம்வொர்க்கே உருவாக்கிக் கையில் கொடுப்பது.) அதற்கு நாற்பதுக்கு மேல் சிரிப்பு. எழுதிய பெண் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. அவரும் அதே குழுவில்தான் இருக்கிறார். சிரித்தவர்களுக்கும் அது தெரியும்.

இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

அவர் என்னதான் செய்தார்? வாடிக்கையாளர் புகார் சொன்னால் எந்த ரிக்வெஸ்ட்டில் என்ன நடந்தது என்று தேட, ஒவ்வொரு லாக் வரியிலும் ரிக்வெஸ்ட் ஐடி வேண்டும். அந்த வேலையை அவரிடம் கொடுத்தார்கள். அவர் நெஸ்ட்ஜேஎஸ் ஆவணத்தைத் திறந்தார். ரிக்வெஸ்ட் ஸ்கோப் எதற்கெல்லாம் தேவைப்படும் என்று அங்கே சொல்லியிருப்பதில் ரிக்வெஸ்ட் டிராக்கிங்கும் ஒன்று. ஆவணம் சொன்ன காரணத்துக்காக, ஆவணம் காட்டிய வழியில் எழுதினார். லோக்கலில் நன்றாக ஓடியது. ரிவ்யூவில் ஓகே சொன்னார்கள். தயவுசெய்து இதை மறக்காதீர்கள், ரிவ்யூவில் ஓகே சொன்னார்கள்.

அப்புறம் லோடு டெஸ்ட்டில் எல்லாம் படுத்தது. காரணம் அந்த வரி மட்டும் கிடையாது. அது போட்ட ஸ்கோப் மேலே ஏறியது. நெஸ்ட்ஜேஎஸ்ஸில் ரிக்வெஸ்ட் ஸ்கோப் போட்ட ஒன்றை வேறொரு கிளாஸ் தன் கன்ஸ்ட்ரக்டரில் (தான் உருவாகும்போது ஓடும் பகுதியில்) வாங்கினால், வாங்கிய கிளாஸும் ரிக்வெஸ்ட் ஸ்கோப் ஆகிவிடும். அதை வாங்குவதும் ஆகும். ரிக்வெஸ்ட்டைக் கையாளும் கன்ட்ரோலர் வரை போகும். லாகரை வாங்காத சர்வீஸ் எந்த அப்ளிகேஷனில் இருக்கிறது? ஆக ஒரே வரியில் கிட்டத்தட்ட முழு அப்ளிகேஷனும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புதிதாக உருவாக ஆரம்பித்தது. அதில் ஒரு பழைய சர்வீஸ், இந்தப் பெண் வருவதற்கு முன்பே வேறு யாரோ எழுதியது, கன்ஸ்ட்ரக்டரிலேயே டேட்டாபேஸ் கனெக்‌ஷன் திறக்கிறது. சிங்கிள்டனாக, அதாவது அப்ளிகேஷன் முழுக்க ஒரே பிரதியாக இருந்தவரை அது ஒரே ஒரு முறை நடந்தது. இப்போது ரிக்வெஸ்ட்டுக்கு ஒன்று. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இயல்பாகத் தருவது 100 கனெக்‌ஷன். தீர எவ்வளவு நேரம் ஆகும்?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இங்கே ஸ்கோப் மேலே ஏறும், சத்தமில்லாமல் ஏறும். எந்தெந்த கிளாஸ் மாறியது என்று அப்ளிகேஷன் தொடங்கும்போது ஒரு வரிகூட வராது. எழுதிய ஃபைலில் தெரியாது, பாதிக்கப்பட்ட ஃபைலிலும் தெரியாது. ரிவ்யூவில் பச்சை நிறத்தில் ஒரே ஒரு வரி தெரியும், அவ்வளவுதான்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நானே இதில் விழுந்தவன். 2022-இல் பல கடைகளுக்கு ஒரே பில்லிங் மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். எந்தக் கடை என்ற ஐடியை ஒரு சிங்கிள்டன் சர்வீஸின் ஃபீல்டில் வைத்திருந்தேன். மிடில்வேர் (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் முதலில் ஓடும் கோட்) வந்து எழுதும், மற்றவர்கள் படிப்பார்கள். நோடில் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு த்ரெட் கிடையாது, எல்லாம் ஒவ்வொன்றாக ஓடும் ஒரே ஈவென்ட் லூப்பில்தான் என்பதால் பயமில்லை என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு அவெய்ட்டிலும், அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும், அடுத்த ரிக்வெஸ்ட் உள்ளே நுழையும். ஒரு சாயங்காலம், கூட்ட நேரத்தில், ஒரு கடையின் பில் பட்டியல் இன்னொரு கடையின் திரையில் வந்து நின்றது. அந்த போன் வந்தபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

பதறிப்போய் நான் செய்ததும் இதே வேலைதான். அந்த சர்வீஸுக்கு ஸ்கோப்.ரிக்வெஸ்ட் போட்டேன். பில் கலப்பது நின்றது. கூடவே இரவில் போகவேண்டிய ஸ்டாக் அறிக்கையும் நின்றது. நேரம் வைத்துத் தானாக ஓடும் அந்த கிரான் வேலை இருந்த கிளாஸ், சங்கிலியில் இரண்டு படி மேலே இருந்தது. ரிக்வெஸ்ட் வந்தால்தான் அந்த கிளாஸே பிறக்கும் என்றாகிவிட்டபின், இரவு இரண்டு மணிக்கு யார் அதைப் பிறக்கவைப்பது? லாக்கில் ஒரு எச்சரிக்கை மட்டும் ஒரு மூலையில் கிடந்தது. மூன்று நாள் கழித்து ஒரு கடைக்காரர் கேட்டபிறகுதான் பார்த்தேன். அப்ளிகேஷன் தொடங்கும்போது ஓடும் ஆன்மாட்யூல்இனிட்டில் செய்துகொண்டிருந்த சில தயாரிப்பு வேலைகளும் அதேபோல் நின்றிருந்தன. லாகினைச் சரிபார்க்கும் பாஸ்போர்ட் ஸ்ட்ராட்டஜியில் ரிக்வெஸ்ட் ஸ்கோப் சர்வீஸை நேரடியாக வாங்கியவர்களுக்கும் இதே கதைதான், லாகின் செய்யப் போனால் அப்படி ஓர் ஆதென்டிகேஷன் முறையே தெரியாது என்று பிழை வந்து நிற்கும்.

அன்று எனக்கு சீனியராக இருந்த அக்கா ஒருவர் இரவு பதினொரு மணிக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போர்டில் கட்டம் கட்டமாகச் சங்கிலியை வரைந்தார். எது எதை வாங்குகிறது, எது வரை ஏறும் என்று சிவப்பு மார்க்கரில் அம்புக்குறி போட்டுக் காட்டினார். மறுநாள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. இதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை, இன்று சொல்கிறேன். நன்றி அக்கா.

சரி, "ஆவணத்தில் இதெல்லாம் இருக்கிறதே, படிக்க வேண்டாமா" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஸ்கோப் மேலே ஏறும் என்றும், செயல்திறன் பாதிக்கும் என்றும், முடிந்தவரை சிங்கிள்டனே போதும் என்றும் இருக்கிறது. ஆனால் அதே பக்கத்தில், சரியாக வடிவமைத்த அப்ளிகேஷனில் தாமதம் சுமார் 5 சதவீதத்துக்கு மேல் அதிகரிக்காது என்ற தைரியமும் இருக்கிறது. எட்டு மாத அனுபவம் உள்ளவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார்? 5 சதவீதம்தானே என்றுதான். தான் நிற்கும் அப்ளிகேஷன் சரியாக வடிவமைத்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? கன்ஸ்ட்ரக்டரில் கனெக்‌ஷன் திறக்கும் அந்தப் பழைய சர்வீஸை எழுதியவர் யார் என்று ஒருவரும் ஏன் கேட்கவில்லை?

"ஸ்பிரிங்கில் இந்தப் பிரச்சினையே இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் அது என் பக்கத்து வாதம். ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங்கில் ரிக்வெஸ்ட் ஸ்கோப் பீனுக்கு (ஸ்பிரிங் உருவாக்கித் தரும் பிரதிக்கு) ஒரு ப்ராக்ஸி, அதாவது இடையாள், வைத்துக் கொடுத்தால், அதை வாங்கிய சிங்கிள்டன் சிங்கிள்டனாகவே இருக்கும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் கோரில் சிங்கிள்டனுக்குள் ஸ்கோப்டு (ரிக்வெஸ்ட்டுக்கு ஒன்றான) சர்வீஸை வைத்தால் டெவலப்மென்ட் சூழலிலேயே பிழை எறிந்து நிறுத்திவிடும். டிஐ லைப்ரரியான இன்வர்சிஃபையில் ரிக்வெஸ்ட் ஸ்கோப் என்ற பெயருக்கும் எச்டிடிபி ரிக்வெஸ்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை, கிளாஸ்களை உருவாக்கித் தரும் கன்டெய்னரை ஒரு முறை கேட்பதுதான் அங்கே ரிக்வெஸ்ட். ஒரே சொல், ஊருக்கு ஒரு பொருள். இருபது வருட அனுபவம் உள்ளவரே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வந்தால் தடுமாறுவார்.

லாகருக்கு வேண்டியது என்ன? ஒரு ஐடி. ஒரு சின்ன ஸ்ட்ரிங்கை எடுத்துப்போக முழுச் சங்கிலியையும் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு முறை பிறக்கவைக்க வேண்டுமா? 2020-இலேயே நோடில் அசிங்க்லோக்கல்ஸ்டோரேஜ் (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டின் தகவலையும் தனித்தனியாகக் கூடவே எடுத்துப்போகும் வசதி) வந்துவிட்டது, நோட் 16.4-இல் ஸ்டேபிள் என்று அறிவித்தும் விட்டார்கள். மிடில்வேரில் ரன் போட்டு ஐடியை உள்ளே வையுங்கள், லாகர் கெட்ஸ்டோர் மூலம் எடுத்துக்கொள்ளட்டும். எத்தனை அவெய்ட் தாண்டினாலும் அந்தந்த ரிக்வெஸ்ட்டின் ஐடிதான் கிடைக்கும். லாகர் சிங்கிள்டனாகவே இருக்கும். கையால் எழுத விருப்பமில்லை என்றால் அதையே செய்து தரும் நெஸ்ட்ஜேஎஸ்-சிஎல்எஸ் லைப்ரரி இருக்கிறது. மாற வேண்டியது தகவல். கிளாஸ் மாற வேண்டியதில்லை.

"அது ஒளித்துவைத்த குளோபல் வேரியபிள்" என்பவர்களோடு சண்டைக்கு வரமாட்டேன். டெஸ்ட் எழுதும்போது ரன்னுக்குள் சுற்ற வேண்டும், சில பழைய கால்பேக் லைப்ரரிகளில் கான்டெக்ஸ்ட் தொலையும். ஒப்புக்கொள்கிறேன். கடை ஐடி போன்ற முக்கியமான ஒன்றை ஆர்குமென்ட்டாகவே கையோடு கொடுத்துப்போங்கள் என்று சொல்பவர்களை இன்னும் மதிக்கிறேன், பில் கலந்த அந்த நாளுக்குப் பிறகு நானும் அப்படித்தான் செய்கிறேன். "டியூரபிள் ப்ரொவைடர் போடலாமே" என்பவர்களுக்கு: அது 2022-இல் நெஸ்ட்ஜேஎஸ்ஸின் 9-ஆம் பதிப்பில் வந்தது, டெனன்ட்டுக்கு (ஒரே மென்பொருளைப் பகிரும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும்) ஒரு சங்கிலி போதும் என்ற இடத்தில் நல்லது. ரிக்வெஸ்ட்டுக்கு ஒன்றாக மாறும் ஐடிக்கு அது எதற்கு?

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொல்ல இருபது நிமிடம் போதும். நேற்று போனில் சொன்னேன், பதினைந்து நிமிடத்தில் புரிந்துகொண்டார். கடைசியில் அவர் கேட்டது அசிங்க்லோக்கல்ஸ்டோரேஜ் பற்றி இல்லை. "அண்ணா, இனிமேல் குழுவில் சந்தேகம் கேட்கலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

"நகைச்சுவைக்குப் போட்டது, இதை ஏன் பெரிதாக்குகிறீர்கள்" என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். என் பில்லிங் கோட் அன்று யார் கையிலாவது சிக்கி இப்படி ஸ்கிரீன்ஷாட் ஆகியிருந்தால் நான் இந்தத் தொழிலில் இருந்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் பெரிதாக்குகிறேன்.

இதை எழுதும்போதும் அந்தப் படம் குழுவில் இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். போட்டவர் இதைப் படிப்பார். எடுத்துவிடுங்கள் சார்.