ஓஎம்ஆரில் ஸ்கூட்டர் ஓட்டிப் பாருங்கள்

சென்னையில் ஸ்கூட்டரில் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் வேலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் முதலில் குழியைத்தான் சொல்வார்கள். பைக்குக்கு 17, 18 அங்குலச் சக்கரம். பெரும்பாலான ஸ்கூட்டர்களுக்கு 10 அல்லது 12தான். பைக் ஏறி இறங்கிப் போய்விடும் பள்ளத்தில் நம் முன்சக்கரம் அப்படியே இறங்கிவிடும். அடி நேராக முதுகுக்கு வருகிறது.

மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்துச் சாலையைக் குறுக்கியிருக்கிறார்கள். சரி, வேலை முடிந்தால் எல்லோருக்கும் நல்லதுதான், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தோண்டிய இடத்தில் இரும்புத் தகட்டைப் போட்டு, அது சாலை மட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்க, அப்படியே விட்டுப் போவது என்ன நியாயம்? ஐப்பசி மழையில் அதன் மேல் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்குகிறது. தண்ணீர் தேங்கினால் குழி எது, ரோடு எது என்றே தெரியாது. ஒதுங்கலாம் என்றால் பின்னால் தண்ணீர் லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறது. இடது பக்கம் தடுப்பு. எங்கே போவது?

இத்தனைக்கும் ஸ்கூட்டரை விட எனக்கு மனசில்லை. காலையில் சீக்கிரம் கிளம்பினால், ஓஎம்ஆரில் வந்து சேரும் ரேடியல் ரோட்டில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக் காற்று முகத்தில் படும். சில மாதங்களில் பூநாரைகளைக்கூடப் பார்க்கலாம். அப்புறம் துரைப்பாக்கம் வந்ததும் மறுபடி குழி.

தகட்டின் ஓரங்களைத் தார் போட்டுச் சரிவாக்குங்கள். ராத்திரியில் தெரிகிற மாதிரி ரிஃப்ளெக்டர் வையுங்கள். மழைக்கு முன்பே செய்யுங்கள்.