ஒரு லாரிக்கு எத்தனை தேதிகள்!

சொந்தமாக ஒரே ஒரு லாரி வாங்கி ஓட்டிப் பிழைக்கலாம் என்று கிளம்பும் ஒருவருக்கு, என்னென்ன சான்றுகள் வேண்டும், எதை எதற்கு முன்னால் வாங்க வேண்டும், எது எப்போது காலாவதியாகும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கும் அரசு அலுவலகம், லாரித் தொழிலுக்கே பெயர்போன நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில்கூட நான் பார்த்ததில்லை. அந்தத் தாள் புரோக்கர்களின் தலைக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்கத்தான் காசு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் வரிசையை, உள்ளே கவுண்டரில் இருப்பவரிடம் கேட்டால் அடுத்த கவுண்டரைக் காட்டுகிறார்.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரேக் நிற்காத வண்டியும் காப்பீடு இல்லாத வண்டியும் சாலைக்கு வரக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. நூறு லாரி வைத்து, அலுவலகம் போட்டு, தாள் பார்க்கவே ஆள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கும், ஒரு லாரியை வைத்துக்கொண்டு தானே ஓட்டும் மனிதருக்கும் ஒரே அலைச்சலை விதித்துவிட்டு அதைச் சமநீதி என்று சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சேஸ் என்ற அடிச்சட்டத்தைப் புதிதாக எடுத்துப் பட்டறையில் பாடி கட்ட வசதியில்லாதவர் பழைய ஆறு சக்கர வண்டியில்தான் தொடங்குவார். 12 ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்கு, வெளிமாநிலங்களுக்கும் சரக்கு ஏற்றிப் போக விடும் நேஷனல் பர்மிட் கிடையாது, பல அச்சு வண்டியாக இருந்தால்தான் 15 ஆண்டு வரை கிடைக்கும் என்பதை விற்பவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். விலை பேசி முடித்த பிறகு, ஆர்.சி. என்ற பதிவுச் சான்றில் பெயர் மாற்ற 29, 30ஆம் படிவங்கள். பழைய கடனை நீக்க ஃபைனான்ஸ்காரரின் கையெழுத்தோடு 35ஆம் படிவம். நம்முடைய கடனை ஏற்ற 34ஆம் படிவம். வண்டி கைமாறியதாலேயே பர்மிட் கைமாறிவிடாது. அதற்கு, பர்மிட் வழங்கிய போக்குவரத்து ஆணையத்திடம் தனியாக அனுமதி வாங்க வேண்டும். காப்பீட்டில் பெயர் மாற்ற 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தனி விண்ணப்பம். நடந்தது ஒரே விற்பனை. அதை மூன்று இடங்களில் மூன்று முறை நிரூபிக்க வேண்டும்.

இத்தனையும் முடிந்து வண்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் தேதிகளின் அட்டகாசம் ஆரம்பமாகிறது. பர்மிட் ஐந்து ஆண்டுக்கு. அதைப் புதுப்பிக்கும் விண்ணப்பமோ காலாவதிக்கு 15 நாள் முன்பே போய்ச் சேர வேண்டும். நேஷனல் பர்மிட் அங்கீகாரம் ஓராண்டுக்கு; அதற்கு 16,500 ரூபாய், சொந்த மாநிலத்துக்குத் தனியாக 1,000 ரூபாய். எஃப்.சி. என்ற தகுதிச் சான்று, வண்டிக்கு எட்டு வயது ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும். சாலை வரி காலாண்டுக்கு ஒருமுறை. காப்பீடு ஓராண்டு, 12 டன்னுக்கு மேல் 20 டன்னுக்குள் மொத்த எடை உள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் 2022இல் நிர்ணயித்த அடிப்படைத் தொகை 35,313 ரூபாய். புகைச் சான்றுக்கு ஒரு தேதி, ஓட்டுநர் உரிமத்துக்கு வேறொரு தேதி. இவற்றில் எந்த இரண்டும் ஒரே நாளில் வந்து முடியாது. ஆனால் ஒன்று தவறினால் மற்றதெல்லாம் நின்றுவிடும். காப்பீடும் வரியும் புகைச் சான்றும் நடப்பில் இல்லாமல் எஃப்.சி. நடக்காது; எஃப்.சி. இல்லாமல் பர்மிட் வேலை நகராது. எங்கோ வெளிமாநிலத்துக் கேமரா எடுத்த படத்துக்கான அபராதம் நிலுவையில் இருந்தால், அது நம் வண்டிதானா என்று விசாரிக்கும் முன்பே இணையதளத்தில் எல்லாக் கதவும் மூடிக்கொள்ளும். வண்டி வாடகைக்கு ஓடாமல் நிற்கும் அந்த நாட்களிலும் ஃபைனான்ஸ்காரரின் தவணை மட்டும் நிற்பதில்லை.

எஃப்.சி. நாளன்று நடப்பதை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். பெயின்ட் அடித்து, லைட் எல்லாம் சரிபார்த்து, சேஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே வரிசையில் நிற்கிறோம். வண்டியின் பின்பக்கம் ஒட்டிய சிவப்பு ஒளிர்பட்டை டார்ச் அடித்தால் கண்ணைக் கூசுகிறது. ஆனால் அந்தப் பட்டைக்கான சான்றிதழ் கணினியில் ஏறவில்லை என்பதால் வண்டி தேறவில்லை என்று எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். நன்றாக ஒட்டியிருந்த பட்டையைச் சுரண்டி எடுத்துவிட்டு, சான்றிதழ் தரும் கடையில் அதே மாதிரிப் பட்டையை மறுபடி வாங்கி ஒட்டினோம். முன்பைவிட ஒரு துளிகூட அது கூடுதலாக மின்னவில்லை. சோதிக்கப்பட்டது பட்டையா, பில்லா என்று கேட்டதற்கு யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இனி அதிக பாரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கு அபராதம் 20,000 ரூபாய், கூடும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய், இறக்கும் செலவும் நம் தலையில். வண்டியை ஓட்டுபவரையும் ஓட்டச் செய்பவரையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. ஆனால் சாலையில் நிறுத்தும்போது ஓட்டுநர் மட்டும்தானே அகப்படுகிறார்? கூடுதல் மூட்டையை ஏற்று, இல்லையென்றால் அடுத்த வண்டிக்கு லோடு போய்விடும் என்று மிரட்டிய குடோன்காரரைத் தேடி எந்த அதிகாரியும் போனதை நான் கண்டதில்லை. சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டான ஈ-வே பில்லிலும் இதே கதை: சரக்குக்காரர் தவறாக நிரப்பிய ஒரு கட்டத்துக்காக வண்டி நாட்கணக்கில் நிற்கிறது.

சிறியவரைச் சிறியவராகப் பார்ப்பது அரசுக்குத் தெரியாத கலை என்றும் சொல்ல முடியாது. பத்து வண்டி வரை வைத்திருப்பவர் முழுக் கணக்குப் புத்தகம் எழுதாமல், எடையை வைத்து உத்தேச வருமானம் காட்டலாம் என்று வருமான வரித்துறை வழிவிட்டிருக்கிறது. 2025 வரை நடப்பில் இருந்த, 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து தொழிலாளர்களுக்குக் கீழ் உள்ளவரைப் பொதுவாகத் தொட்டதில்லை. மோட்டார் வாகனச் சட்டமேகூட, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பர்மிட் கேட்பதில்லை. வண்டி சிறியதாக இருந்தால் சலுகை உண்டு, வண்டிக்காரர் சிறியவராக இருந்தால் கிடையாது என்பது என்ன கணக்கோ.

நான் கேட்பது கட்டணக் குறைப்புகூட இல்லை. இந்தத் தேதிகள் எல்லாம் வண்டிப் பதிவுக்கான மத்திய அரசின் வாஹன் இணையதளத்தில் ஏற்கெனவே ஏறித்தான் இருக்கின்றன. ஒரு நாள் தவறினால் வண்டியைத் தடுக்கத் தெரிந்த கணினிக்கு, ஒரு மாதம் முன்பாகவே எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தமிழில் அனுப்பவும், ஐந்து வண்டிக்குள் வைத்திருப்பவர் கேட்டுக்கொண்டால் கட்டணத்தை விகிதப்படி கழித்து வரி, பர்மிட், எஃப்.சி. மூன்றையும் ஒரே தேதிக்குக் கொண்டுவரவும் கற்றுக்கொடுப்பது அப்படி என்ன பெரிய காரியம்? இதை மனுவாக எழுதிக் கொண்டுபோனால் ஆன்லைனில் பாருங்கள் என்கிறார்கள். ஆன்லைனில் பார்த்தால், சம்பந்தப்பட்ட அலுவலகத்தை அணுகவும் என்று வருகிறது.