விளக்கம் தாளில இருந்தாப் போதுமா?

வழமையாக் கதை சொல்லாம வேற விதமா எடுத்துப் பாக்கிற எக்ஸ்பெரிமென்டல் படங்களில எனக்கு ஒரு கோவமும் இல்ல, ஆனா பாத்திட்டு வெளிய வந்து "ஒண்டும் பிடிபடேல்ல" எண்டு சொன்னா உடன "நீங்க மசாலாப் படம் பாத்துப் பழகின ஆள்" எண்டு வாயை அடைக்கினம் பாருங்கோ, அதைத்தான் பொறுக்க ஏலாமக் கிடக்கு.

கிட்டடியில கொழும்பு 7 பக்கம் ஒரு ஸ்கிரீனிங். உடைஞ்ச வீட்டுச் சுவர், வெடிப்புக்குள்ளால முளைச்ச ஒரு ஆலங்கண்டு, கமரா அசையவே இல்ல, காத்துச் சத்தம் மட்டும். ஆற்ற வீடு, எந்த ஊர், இருந்த சனம் எங்க, ஒண்டுமில்ல. வாசல்ல தந்த இங்கிலிஷ் தாளிலதான் இடப்பெயர்வு, நினைவு, இழப்பு எண்டு பந்தி பந்தியாக் கிடக்கு. தாளை எடுத்துப்போட்டா மிஞ்சுறது சுவர். அந்த வீட்டுக்காரரோட கதைச்சனீங்களோ எண்டு டைரக்டரிட்ட கேட்டன், பார்வையாளர்தான் உணரோணுமாம். வீடு வாசலை விட்டிட்டு வந்து வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில இருக்கிற சனத்துக்கு உணர என்ன குறை?

மெதுவாப் போறது பிரச்சினையே இல்ல. ஷான்டால் அக்கர்மனின்ட 'ஜான் டீல்மன்' (1975) 3 மணித்தியாலத்துக்கு மேல, ஒரு மனிசி சமைக்கிறதும் கூட்டுறதும் கிழங்கு சீவுறதும்தான். ரெண்டாம் நாள் கிழங்கு அளவுக்கு மிஞ்சி அவிஞ்சு போகுது, அவ சட்டியைத் தூக்கிக்கொண்டு என்ன செய்யிறதெண்டு தெரியாம வீட்டுக்குள்ள அலையிறா. முதல் நாள் அவவின்ட ஒழுங்கை அவ்வளவு நேரம் பாத்தபடியால அந்தச் சட்டியைப் பாக்க எனக்கு நெஞ்சு பதறிச்சுது. டெரெக் ஜார்மனின்ட 'புளூ' (1993) 79 நிமிசமும் வெறும் நீலத் திரை, ஆனா எயிட்ஸால கண்பார்வை போய்க்கொண்டிருந்த மனுசன் அது, அவற்ற கதை முழுக்க அந்தக் குரல்களில இருக்கு, ஏன் நீலம் எண்டு விளங்கிறதுக்கு ஒரு தாளும் தேவைப்படேல்ல. அன்டி வோர்ஹோலின்ட 'எம்பயர்' (1964) மட்டும் எனக்குச் சரிவராது, ஒரே கட்டடத்தை 8 மணித்தியாலம், அந்த யோசினையை ஒரு வரியில சொன்னாலே முடிஞ்சுது.

எங்கட வலியை வச்சு எடுக்கிற படத்துக்கு எங்களுக்கே இங்கிலிஷில விளக்கம் வேணுமெண்டா, படம் இன்னும் எடுத்து முடியேல்ல எண்டுதான் நான் சொல்லுவன்.

ஸ்கிரீனிங் வைக்கிற ஆக்களிட்ட ஒரு வேண்டுகோள்: தாளைப் படம் முடிஞ்ச பிறகு தாங்கோ, கேள்வி பதிலைத் தமிழிலயும் சிங்களத்திலயும் வையுங்கோ, டைரக்டர் வாய் திறக்க முதல் வந்த சனத்திட்ட என்ன கண்டனீங்க எண்டு கேளுங்கோ.