அந்த மிஷனரிப் படத்தைச் சர்க்கரையில் முக்காதீர்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் என்னோடு படித்தவர்கள் மறுபடியும் ‘காட்ஸ் ஆர்மி’ பற்றிப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். படம் வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது, அதனால் இருக்கலாம். அந்தக் காலமே தனி, இப்படி ஒரு சுத்தமான படம் இனி வருமா, பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தோம், கண் கலங்கிவிட்டது என்று ஆளாளுக்கு உருகுகிறார்கள். எனக்கும் பிடித்த படம்தான். ஆனால் இவர்கள் சொல்வதைக் கேட்டால், நான் பார்த்தது வேறு ஏதோ படம் போலிருக்கிறது.

நம் பக்கத்தில் பாதிப் பேர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மார்மன் மிஷனரிகளைப் பற்றிய படம் அது. அவர்களைத் தெரியுமல்லவா? வெள்ளைச் சட்டை, டை, மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை, இரண்டிரண்டு பேராக நடந்தோ சைக்கிளிலோ வருவார்கள். பெங்களூரில்கூட 1993 முதல் அவர்களுக்கு ஒரு மிஷன் உண்டு. யூட்டாவின் சால்ட் லேக் சிட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட கிறிஸ்தவ சபை அவர்களுடையது. அந்தச் சபையில் பையன்கள் 19 வயதானதும் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போவது கிட்டத்தட்டக் கடமை. பெண்கள் விரும்பினால் 21 வயதில் ஒன்றரை வருடம் போகலாம். நான் சொல்வது அன்றைய கணக்கு. 2012-இல் இந்த வயதுகளை 18, 19 என்று குறைத்துவிட்டார்கள். செலவு பெரும்பாலும் சொந்தப் பணமோ குடும்பத்தின் பணமோதான். எந்த ஊர் என்பதைச் சபை முடிவு செய்யும். கூட இருக்கும் துணை யார் என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள், அந்தத் துணையை விட்டு ஒரு மணி நேரம்கூடத் தனியாக இருக்கக் கூடாது. வீட்டுக்கு போன் பேசுவது கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும் மட்டும். வாராவாரம் பேசலாம் என்ற சலுகை 2019-இல்தான் வந்தது.

ஊழியத்தில் இருப்பவர்கள் சினிமா பார்க்கக் கூடாது என்பதும் ஒரு விதி. ஆக, இந்தப் படம் யாரைப் பற்றியதோ அவர்களால் அதைப் பார்க்க முடியாது. பார்த்தவர்கள் எல்லாம் ஊழியம் முடித்துத் திரும்பியவர்கள், அவர்களுடைய அப்பா அம்மா, அண்ணன் போன பிறகு அடுத்து நாம் என்று காத்திருந்த தம்பிகள். முதல் நாளிலிருந்தே அது ஏக்கத்தோடு பார்க்கப்பட்ட படம். என் அறைத் தோழர்கள் டிவிடியைப் போட்டுவிட்டுப் படத்தை எங்கே பார்த்தார்கள்? பாதி நேரம் நிறுத்திவைத்து, பிரேசிலில் தன் துணை எப்படிப்பட்டவன், தைவானில் எந்த வீட்டில் நாய் துரத்தியது என்று கதை பேசிக்கொண்டிருப்பார்கள். மதம் மாற்றும் வேலை பற்றி எனக்கு அன்றும் சரி இன்றும் சரி நல்ல அபிப்பிராயம் கிடையாது. இருந்தாலும் 19 வயதுப் பையனை முன்பின் தெரியாத ஊரில் இறக்கிவிட்டால் அவன் என்ன ஆவான் என்கிற கதையில் யாருக்குத்தான் ஆர்வம் வராது.

படம் 2000 மார்ச்சில் வந்தது. ரிச்சர்ட் டட்ச்சர் எழுதி, தயாரித்து, இயக்கி, முக்கிய வேடத்திலும் அவரே நடித்தார். சுமார் 3 லட்சம் டாலர் செலவு. ஹாலிவுட் கணக்கில் அது டீ செலவுக்குக்கூடக் காணாது. வசூல் 25 லட்சம் டாலரைத் தாண்டியது. யூட்டாவின் புரோவோ நகரத்தில் உள்ள சபைப் பல்கலைக்கழகத்துக்கு 1950-களிலிருந்தே சொந்தமாக ஒரு பட ஸ்டுடியோ உண்டு. 1964 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கென்றே சபை ஒரு படம் எடுத்துத் திரையிட்டது. அதெல்லாம் சபை தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. வெளியிலிருந்து எடுத்தவர்களோ 1922-லேயே, பெண்களை மயக்கிக் கடத்திப் போகும் வில்லனாக மார்மன் மிஷனரியைக் காட்டி இங்கிலாந்தில் ஒரு மௌனப் படம் எடுத்தார்கள். வில்லன் வேடம் போய்ப் பிற்பாடு கோமாளி வேடம் கிடைத்தது. சபைக்குள் இருக்கும் ஒருவர், சபையின் காசும் அனுமதியும் இல்லாமல், சொந்த மக்களின் கதையைத் தியேட்டருக்குக் கொண்டுவந்து கல்லாவும் நிரப்பியதுதான் டட்ச்சர் செய்த காரியம். மார்மன் சினிமாவின் தந்தை என்று அவரை அழைத்ததில் மிகை இல்லை.

சரி, கதைக்கு வருவோம். கான்சஸிலிருந்து பிராண்டன் ஆலன் என்ற பையன் லாஸ் ஏஞ்சலிஸ் வந்து இறங்குகிறான். துணையாகக் கிடைப்பவர் மார்கஸ் டால்டன், டட்ச்சரே ஏற்ற வேடம். மற்றவர்களெல்லாம் இருபதைத் தொடும் பையன்கள், இவருக்கு மட்டும் முப்பதை நெருங்கும் வயது, அதனால் ‘பாப்ஸ்’ என்று பட்டப்பெயர். கறாரான ஆள். ஆலனுக்கு முதலில் ஊரே பிடிக்கவில்லை, நம்பிக்கையும் அவ்வளவாக இல்லை, குடும்பம் தள்ளிவிட்டதால் வந்தவன். ஹாலிவுட் பகுதியில் வீடு வீடாகப் போகிறார்கள். கதவுகள் சாத்தப்படுகின்றன. சலிக்கச் சலிக்கச் சாத்தப்படுகின்றன. சபையே எடுத்திருந்தால் மூன்றாவது வீட்டில் ஒரு பாட்டி வரவேற்று உட்காரவைத்திருப்பார்.

இவர்கள் தங்கியிருக்கும் வீட்டில் கினேகர் என்று இன்னொரு மிஷனரி இருக்கிறான். சபைக்கு எதிரான புத்தகங்களைத் தேடித் தேடிப் படிப்பவன். எதிராளி என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்கிறேன் என்பான். கடைசியில் அவனுக்கு நம்பிக்கை போய்விடுகிறது. ஊழியத்தைப் பாதியில் விட்டுவிட்டு இரவோடு இரவாகக் கிளம்பிவிடுகிறான். டால்டன் தடுத்துப் பார்க்கிறார், முடியவில்லை.

என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஊழியத்தைப் பாதியில் விட்டு வந்தவன் யூட்டாவில் படும் பாட்டை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். யாரும் திட்ட மாட்டார்கள், ரொம்ப அன்பாகத்தான் பேசுவார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அவன் சபைக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும், மாமா அத்தை எல்லோரும் அவன் உடல்நலம் பற்றி மட்டும் விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், நம்பிக்கை போய்க் கிளம்பும் ஒருவனைக் கெட்டவனாகக் காட்டாமல், முட்டாளாகவும் காட்டாமல் திரையில் நிறுத்தியிருக்கிறார் டட்ச்சர். அவன் கேள்விகளுக்குப் படம் பதில் சொல்லிவிடவில்லை. கறுப்பினத்து மிஷனரி ஒருவரும் படத்தில் உண்டு. கறுப்பின ஆண்களுக்கு 1978 வரை சபையில் குருத்துவம் மறுக்கப்பட்டிருந்தது. அந்தக் கேள்வி அவர் முகத்துக்கு நேராக வருகிறது. 2000-இல் புரோவோ தியேட்டரில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் டட்ச்சர் இதைப் பேசியிருக்கிறார். இதைத்தான் இன்று பிள்ளைகளோடு பார்த்த சுத்தமான படம் என்று என் நண்பர்கள் நினைவுகூர்கிறார்கள்.

குறையே இல்லாத படம் என்று சொல்ல வரவில்லை. ஊனமுற்ற ஒருவர் மிஷனரிகளின் ஆசீர்வாதத்துக்குப் பிறகு நடக்கும் காட்சி வருமே, அப்போது நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். அதுவரை கதவு சாத்தும் சத்தத்தை நேர்மையாகப் பதிவு செய்த படம், அங்கே மட்டும் நற்செய்திக் கூட்டத்து மேடையாக மாறிவிடுகிறது. டால்டனுக்கு மூளைக்கட்டி, அதோடுதான் ஊழியம் செய்துகொண்டிருக்கிறார் என்பதும் நம் ஊர்ப் பழைய படங்களில் பார்த்துப் பழகியதுதான். சபைக்குள் பலருக்கு அந்த ஆசீர்வாதக் காட்சி வேறு காரணத்துக்காக உறுத்தியது: புனிதமான சடங்கை நடிகர்களை வைத்துத் திரையில் செய்துகாட்டலாமா என்று. இந்தக் கவலையை மட்டும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது.

அப்புறம் என்ன நடந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். காசு வருகிறது என்று தெரிந்ததும் வரிசையாகப் படங்கள் வந்தன. 2001-இல் டோங்கா தீவில் ஊழியம் செய்த ஒருவரின் கதையைப் பெரிய செலவில் எடுத்தார்கள், ஆன் ஹாத்தவே நடித்தது. கண்ணுக்குக் குளிர்ச்சி, தென்னை மரம், நீலக் கடல், முடிந்தது. 2002 முதல் நகைச்சுவைப் படங்களின் பெருக்கு. கல்யாணமாகாத மார்மன்கள், ஊழியம் முடிந்து வேலை தேடும் மார்மன்கள் என்று உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் புரியும் ஜோக்குகள். முதல் இரண்டுக்கு நானும் சிரித்தேன், பொய் சொல்ல மாட்டேன். பிறகு யூட்டா மக்களே அலுத்துப்போய் மார்மன் படம் என்றால் தியேட்டர் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள்.

டட்ச்சர் 2005-இல் ‘ஸ்டேட்ஸ் ஆஃப் கிரேஸ்’ எடுத்தார். மறுபடியும் லாஸ் ஏஞ்சலிஸ், மறுபடியும் மிஷனரிகள், ஆனால் இந்த முறை மிஷனரியே தவறிவிழுகிறான். விழுந்தவனைக் குடும்பமும் சபையும் என்ன செய்யும் என்பதுதான் கதை. முதல் படத்தைவிடப் பல மடங்கு நல்ல படம். ஓடவில்லை. முதல் படத்துக்குக் குடும்பத்தோடு வந்த கூட்டம் இதற்கு வரவில்லை. 2007 ஏப்ரலில் புரோவோவின் ‘டெய்லி ஹெரால்ட்’ பத்திரிகையில் டட்ச்சர் ஒரு கட்டுரை எழுதினார். மார்மன் சினிமாவின் தரத்தைக் கடுமையாக விமர்சித்துவிட்டு, சபையிலிருந்தே விலகுவதாகவும் அதில் சொல்லிவிட்டார்.

அந்தச் செய்தி வந்தபோது யூட்டாவில் நிறையப் பேருக்கு வீட்டுப் பிள்ளை ஓடிப்போன மாதிரி இருந்தது. இன்றைக்கும் அந்தப் படத்தைக் கொண்டாடுபவர்கள் இயக்குநரின் பெயர் வரும் இடத்தில் மெதுவாகத் தாண்டிவிடுகிறார்கள். அன்று அவருக்கு நம்பிக்கை இருந்தது, அப்போது எடுத்தது நல்ல படம், பிறகு வழிதவறிவிட்டார், அவ்வளவுதான் என்பது அவர்கள் கணக்கு. விலகியவர்களிலும் ஒரு கூட்டம் இருக்கிறது. ஆளே நம்பவில்லை, ஆகவே படம் வெறும் பிரசாரம் என்பது அவர்கள் வாதம். எனக்கு இரண்டு பேரோடும் சண்டை. படத்தில் டால்டனாக நடித்தவரும் கினேகர் பேசும் வசனத்தை எழுதியவரும் ஒரே ஆள். நம்புகிறவனுக்கு எவ்வளவு இடம் கொடுத்தாரோ, கிளம்பிப் போகிறவனுக்கும் குறைவில்லாமல் கொடுத்தார். விசுவாசத்தோடு இருந்தபோதே சந்தேகத்தை அந்த அளவு மரியாதையோடு எழுத முடிந்த ஒருவர் ஏழு வருடம் கழித்து விலகினால், அதற்காக, அவர் எடுத்த படத்தை யாரும் பிடுங்கிக்கொள்ளவும் முடியாது, பொய்யென்று தள்ளவும் முடியாது.

தங்களுடைய 19 வயதைத்தான் நண்பர்கள் இந்தப் படத்தில் தேடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் தப்பில்லை. ஆனால் அந்த வயதில் பாதி ராத்திரி தூக்கம் வராமல், நான் எதற்கு இங்கே வந்தேன், இதெல்லாம் உண்மைதானா என்று யோசித்ததையும் அதே அறையில் வைத்து அவர்களேதான் என்னிடம் சொன்னார்கள். டிவிடியை நிறுத்திவைத்துச் சொன்ன கதைகளில் பாதி அப்படிப்பட்டவைதான். இப்போது அந்தப் பாதி யாருடைய நினைவிலும் வருவதில்லை. சபை நடத்தும் வகுப்பில் தன் மகனிடம் இந்தப் படத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசும் ஒருவர், கினேகர் கிளம்பும் இடத்தை ஓட்டிவிட்டுத்தான் காட்டுவாராம். இதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

பார்க்காதவர்களுக்கு என் யோசனை இது: முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்த நாள் பாருங்கள், ‘காட்ஸ் ஆர்மி’ முதலில், ‘ஸ்டேட்ஸ் ஆஃப் கிரேஸ்’ அப்புறம். நடுவில் வந்த நகைச்சுவைப் படங்களை விட்டுவிடலாம், நட்டமில்லை. பார்த்துவிட்டு உருகும் நண்பர்களிடம் ஒன்று கேட்கவேண்டும். ஊருக்குத் திரும்பிய கினேகரின் வீட்டில் கதவைத் திறந்தது யார், அம்மா என்ன சொன்னாள், அடுத்த ஞாயிறு அவன் எங்கே போய் உட்கார்ந்தான் என்று யாராவது ஒரு படம் எடுத்தால், அதற்கும் குடும்பத்தோடு டிக்கெட் வாங்குவீர்களா?