‘செட்டில்டு’ வேறு, ‘க்ளோஸ்டு’ வேறு
கடனை முழுசாகக் கட்ட முடியாதபோது, வங்கியோடு பேசி குறைந்த ஒரு தொகைக்கு ஒன் டைம் செட்டில்மென்ட் செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்வது பாதிதான் சரி. வசூல் ஆட்களின் போன் நிற்கும். ஆனால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு ‘செட்டில்டு’ என்றே கிடக்கும். அடுத்து கடன் கேட்கும் இடத்தில் அதை ‘முழுசாகக் கட்டாதவர்’ என்றுதான் படிப்பார்கள். கையில் காசு புரளும்போது தள்ளுபடியான மீதியையும் கட்டி, நிலுவையில்லாச் சான்று வாங்கி, ‘க்ளோஸ்டு’ (முழுசாகக் கட்டி முடித்தது) என மாற்றச் சொல்லுங்கள். மாற்றித் தருவதாகப் பணம் கட்டும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

சிபில் மட்டுமல்ல, அதைப் போன்ற மற்ற கடன் தகவல் நிறுவனங்களான எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகியவற்றிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். கட்டிய கடன் பாக்கி என்று காட்டினால் அங்கேயே புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. பலர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

இந்த அறிக்கையில் வரும் கடன் ஸ்கோரைத் திரும்ப ஏற்ற, ஃபிக்சட் டெபாசிட்டை ஈடாக வைத்து வாங்கும் கிரெடிட் கார்டுதான் சுலபமான வழி. வரம்பு 18,000 ரூபாய் என்றால் மாதம் 5,000 தாண்டாமல் மளிகை, மின்கட்டணம் என்று தேய்த்து, கெடுவுக்குள் முழுத் தொகையையும் கட்டுங்கள். ‘மினிமம் டியூ’ எனும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் வட்டி தின்றுவிடும். அவசரப்பட்டு ஒரே வாரத்தில் நாலைந்து செயலிகளில் கடனுக்கு விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொன்றும் விசாரணையாகப் பதிவாகி ஸ்கோரைக் குறைக்கும். ‘ஒரே மாதத்தில் ஸ்கோர் ஏற்றித் தருகிறோம்’ என்று காசு கேட்பவர்களால் உண்மையான பாக்கியை அழிக்க முடியாது. அவர்கள் போடுவதும் இதே இலவசப் புகார்தான்.