ஏழு வயதில் 'இசை வராது' என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பிள்ளையை இசை வகுப்பில் சேர்க்கப் போனால், ஒரு வரி பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "சுருதி நிற்கவில்லை, இவனுக்கு இசை வராது" என்று அனுப்பிவிடுகிறார்கள். ஏழு வயதுப் பிள்ளையை! எனக்கு இதில் கடுமையான கோபம் உண்டு.

2005-இல் எரின் ஹேனன், சாண்ட்ரா ட்ரெஹப் என்ற இரு உளவியலாளர்கள் வட அமெரிக்கக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளின் இசையில் தாளம் பல சமயம் சமமாகப் பிரியாது. ஏழு எண்ணிக்கை 2+2+3 என்று போகும். அந்தத் தாளத்தை நடுவில் குலைத்தால் வட அமெரிக்கப் பெரியவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பிடிபட்டது! ஒரு வயதாகும்போது குழந்தைகளும் பெரியவர்கள் மாதிரியே ஆகிவிடுகிறார்கள். அப்புறம் அந்த இசையை வீட்டில் இரண்டு வாரம் போட்டுக் காட்டியதும் ஒரு வயதுக் குழந்தைகள் மறுபடி பிடித்துக்கொண்டார்கள். பெரியவர்களால் அந்த அளவுக்கு முடியவில்லை.

அதாவது, காது எல்லோருக்கும் அகலமாகத்தான் பிறக்கிறது. சுற்றிக் கேட்கும் இசைதான் அதைச் செதுக்குகிறது. பிறவியிலேயே சுரவேறுபாடு பிடிபடாதவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மிகச் சிலர். மற்ற பிள்ளைகளிடம் 'திறமை' என்று நாம் அளப்பதில் ஒரு பெரிய பங்கு, அவர்கள் எந்த இசைக்கு நடுவே வளர்ந்தார்கள் என்பதுதான்.

1950-களில் தென்னாப்பிரிக்காவின் வெண்டா மக்களிடையே தங்கி ஆராய்ந்த ஜான் பிளாக்கிங், அங்கே எல்லோருக்கும் இசை வரும் என்றே எடுத்துக்கொள்கிறார்கள் என்று எழுதினார். பிள்ளைகளும் எளிய பாட்டிலிருந்து கடினமானதற்கு என்று வரிசையாகப் போகவில்லை. அதிகம் கேட்ட பாட்டை முதலில் பாடினார்கள், அதில் சுரம் கூடுதலாக இருந்தாலும். நம் பாடத்திட்டங்களின் அடிப்படையையே இது அசைக்கிறது, இல்லையா?

விளையாட்டு மைதானத்தில் கைதட்டிப் பாடும் பிள்ளைகளைக் கவனியுங்கள். தட்டு ஓரிடத்தில், சொல் ஓரிடத்தில் விழும், ஒருவரும் தவறுவதில்லை. அதே பிள்ளை வகுப்பில் 'தாளம் இல்லாதவள்' ஆகிவிடுகிறாள்.

ஹங்கேரியின் இசையமைப்பாளரும் இசைக் கல்வியாளருமான கோடாய் அன்றே, பிள்ளைகளுக்குச் சொந்த நாட்டுப்புறப் பாடல்களிலிருந்து தொடங்கச் சொன்னார். அது சரி. ஆனால் சொந்த இசையோடு மட்டும் நிறுத்திக்கொண்டால் காது அங்கேயே குறுகிவிடும் என்பது என் கருத்து. சிறு வயதிலேயே வேற்று இசைகளும் காதில் விழட்டும்.

இசை ஆசிரியர்களே, சேர்க்கைச் சோதனையை முதலில் விடுங்கள். வந்த பிள்ளையிடம் "உனக்குத் தெரிந்த பாட்டு ஒன்று பாடு" என்று கேளுங்கள். முதல் மாதப் பாடத்தை அந்தப் பாட்டிலிருந்தே எடுங்கள்.